கிலோ பன்னிரண்டு ரூபாய்

மூன்றாம் வகுப்புக்குக் கதைப் புத்தகம் தேடிப்
பல்லடத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை.
"கைடு இருக்குதுங் டீச்சர், கதையெல்லாம் வாறதில்லீங்."
ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு
இன்னும் ஐந்து மாதம்.

பள்ளியில் ஒரு பீரோ உண்டு.
நூற்று அறுபது புத்தகம், நெப்தலின் வாசத்தில்.
சாவி, தலைமையாசிரியை பூங்கோதையின் இடுப்பில்.
"கிழிஞ்சா நீங்கதான் கட்டோணும்" என்றார்.
மிரட்டல் இல்லை அது.
உடைந்த பூமி உருண்டை ஒன்றுக்கு
அவர் சம்பளத்தில் முன்பு பிடித்திருக்கிறார்கள்.

மங்கலம் ரோட்டில் பழைய பேப்பர் கடை.
தங்கமாரி அண்ணனுக்குச் சாத்தூர்ப் பக்கம்.
தராசுக்கு மேலே பல்பு, கீழே நாய்.
நூல் கோன் அட்டை ஒரு குவியல்,
கல்யாணப் பத்திரிகை ஒரு குவியல்,
நீட் புத்தகம் இடுப்பளவு.
"படம் போட்டதா வேணும்ணே."
"படம் போட்டது வழவழன்னு இருக்கும்.
எண்ணெய் இழுக்காது, வடைக்கடைக்காரன் தொட மாட்டான்.
அடியிலதான் கெடக்கும். தோண்டிப் பாருங்க."

தோண்டினேன்.
கரையான் ஒரு சிங்கத்தின் பிடரியை மட்டும் தின்றிருந்தது.
ஒரு மழைநாள் வானத்தில்
யாரோ எழுதியிருந்தார்கள்: தவிடு அரை மூட்டை, பாக்கி நாற்பது.
பதினோரு புத்தகம் தேறின.
ஆறாவதைத் திறந்தால் ஊதா முத்திரை.
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.
எங்கள் பள்ளி.
இருப்பு எண் 147.
பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன,
அச்சகத்திலிருந்து வந்தபடியே.
யார் போட்டார், எப்போது போட்டார்,
கேட்கவில்லை நான்.
ஒரு கிலோ முந்நூறு. பதினைந்து ரூபாய் அறுபது.
இருபதை வாங்கிக்கொண்டு, சில்லறை இல்லையென்று
போன வருடத்துப் பஞ்சாங்கத்தைக் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை 147ஐ வாசித்தேன்.
வழி தப்பிய வெள்ளாட்டுக் குட்டி ஒன்று
பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பக்கம்.
சபரிவாசன் எழுந்து நின்றான்.
வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிற சபரிவாசன்.
"தப்புங் டீச்சர். ஆட்டுக்கு மேல முன்பல்லு கெடையாதுங்."
அவன் வீட்டுப் பட்டியில் பதினேழு உருப்படி.
எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

மதியம் ஒரு கிடா வந்தது,
சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால்.
முப்பத்தொரு பிள்ளைகள் அதன் வாய்க்குள் பார்த்தார்கள்.
கிடா பொறுத்துக்கொண்டது,
பிறகு வருகைப் பதிவேட்டின் ஓரத்தைக் கடித்தது.
புத்தகம் போட்டவர்களுக்கு
ஒரு கடிதம் எழுதினோம், கரும்பலகையில்.
எழுதிய வாக்கியங்கள் பதினான்கு.
ஒன்பது சபரிவாசனுடையவை,
எல்லாவற்றிலும் "பல்"லுக்கு மூன்று சுழி 'ள்'.

ரிங்கி பெஹரா எதுவும் சொல்லவில்லை.
ஜூனில் வந்தவள். அப்பா தறிக்குடோனில்.
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாள்,
திருப்பினாள்,
கவுனுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.
நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி மணியடித்தேன்.

மாசக் கடைசியில் அந்தக் குடும்பம்
சோமனூர்ப் பக்கம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள்.
147ம் மாறிவிட்டது.

தலைமையாசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன்,
எவ்வளவு கட்டணும் என்று.
இருப்புப் பதிவேட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார்.
147க்கு நேரே சிவப்புக் கோடு,
மூன்று வருடம் முன்பே. "பழுது. கழிக்கப்பட்டது."
கையெழுத்து அவருடையது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"இல்லாத புஸ்தகம் எப்படீங் தொலையும்" என்றார்.

அப்படியானால், மேடம்,
பீரோவில் இருக்கிற நூற்று அறுபதுக்கும்
இன்றைக்கே கோடு போட்டுவிடலாமா?

பேனாவைத் தேடுகிற மாதிரி
மேசையில் எதையோ தேடினார்.
வெளியே தறிச் சத்தம்.
சனிக்கிழமை நான்
மங்கலம் ரோட்டுக்குப் போக வேண்டும்.
எண்ணெய் இழுக்காத காகிதம் வந்திருக்கிறதாம்.