மதகடி

பதினொரு வருசம் என் பழைய மோட்டார் சைக்கிள்
எனக்கு முந்தியே ஊருக்குள் போய்விடும்.
மண்முனைப் பாலம் இறங்கி
மகிழடித்தீவுப் பக்கம் திரும்பக்குள்ளயே
ஓட்டைச் சைலன்சர் சொல்லிக்கொடுத்துவிடும்:
லோன்காரன் வாறான்.

நான் போய் நிற்கையில் கதிரை மட்டும் இருக்கும்.
அடுப்பில் சோறு கொதிக்கும், ஆள் இருக்காது.
முன்பல் விழுந்த பிள்ளை ஒன்று வந்து
"அம்மா ரவுணுக்குப் போயிட்டா" என்னும்.
வேலிக்கு அங்கால யாரோ இருமலை அடக்குவது கேட்கும்.
கொப்பியில் "ஆள் இல்லை" என்று எழுதுவேன்.
அதை எழுதியே இரண்டு பேனை முடிந்தது.

தை மாதம் கொம்பனி இதைத் தந்தது.
வெள்ளை நிறம். மின்சாரம்.
இரவில் பிளக்கைக் குத்திவிட்டுப் படுத்தால்
விடிய நூறு என்று காட்டும்.
பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு
தாரில் கிடந்த முதுகு இது;
நன்றி சொல்லித்தான் ஏறினேன்.

முதல் கிழமை முழுக்க
இடது கால் இல்லாத கியரை மிதித்தது.
கிளச்சென்று பிடித்தது பிரேக்காக இருந்து
ஆரையம்பதிச் சந்தையடியில்
ஒருத்தரின் மீன்பெட்டிக்குள் முகம் கொடுத்தேன்.
மாடுகள் விலகவில்லை.
சத்தம் போடாத ஒன்றுக்கு நான் ஏன் எழும்ப வேண்டும் என்று
நடு றோட்டில் படுத்திருந்த எருமை பார்த்தது.
நியாயம்தான்.
நாய்கள் என்னைக் கவனிக்காமல் விட்டு
நான் கடந்த பிறகு
கடமைக்கு ஒருதரம் குரைத்தன.

மறுகா, காது திறந்தது.
கிறவலை டயர் கொறிக்கிற சத்தம்.
பாலத்துக்குக் கீழே வலை இழுக்கிறவன்
கூட்டாளியைப் பேசின தூசணம்,
ஒரு எழுத்துக் குறையாமல்.
ஓடும்போது நான் பாட்டு முணுமுணுக்கிறவன் என்று
நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்கே தெரிந்தது,
அதுவும் சுருதி இல்லாமல்.

"இனி ஒளிக்க ஏலாது, என்ன?"
என்று சிரித்தார் மனேஜர் தில்லைராசன்.
ஏலவில்லை.
மாசி முடிய வசூல் ஏறியது. என் கொமிசனும் ஏறியது.
மகனுக்குச் சப்பாத்து வாங்கினேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முதலைக்குடா.
யோகமலரின் வளவு. கடப்பு திறந்து கிடந்தது.
முற்றத்தில் அவள் ஈரத்தலையோடு
ஒரு சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
விரலை நக்கி நக்கி
இல்லாத கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"ஆள் இல்லையோ? ஆள் இல்லையோ?"
சட்டிக்குள்ளிருந்து வந்தது என் குரல்.
பிள்ளைகள் மணலில் உருண்டு சிரித்தன.
நானும் சிரித்திருப்பேன்,
இன்னும் ஒரு நிமிசம் அவள் காணாமல் விட்டிருந்தால்.

கண்டாள்.
அந்தச் சிரிப்பு போன வேகத்தில்
எந்தச் சைக்கிளும் போகாது.

சட்டியை இறக்கி மெதுவாக நிலத்தில் வைத்தாள்.
உள்ளே போய் பால்மாப் பேணியைக் கவிழ்த்தாள்.
நூறுகளும் இருபதுகளும்.
எண்ணூறு குறைந்தது.
சின்னவளின் உண்டியலும் வந்தது,
அதையும் எண்ணினேன்.
என் கையால், விரலை நக்காமல்.
பற்றுச்சீட்டு கிழிக்கையில்
என் முகத்தைப் பாராமல் சொன்னாள்:
"முந்தியெல்லாம் சொல்லிப்போட்டு வருவீங்க."

நான் எதையும் சொன்னதில்லை.
சைலன்சர்தான் சொன்னது.
அதை எப்படி அவளுக்கு விளங்கப்படுத்துவது?

இப்போது மதகடியில் நிற்பாட்டுகிறேன்.
கட்டைவிரல் நோகும்வரை ஹோர்ன் அடிக்கிறேன்.
வயலில் நிற்கிற கொக்கு எழும்பி
இரண்டு வரம்பு தள்ளி இருக்கும்.
போத்திலில் தண்ணீர் குடிக்கிறேன்.
திரையில் அறுபத்தொன்று அறுபதாகிறது.
தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம்,
ஓடுகிற செருப்புச் சத்தம்,
ஒரு பிள்ளை ஒத்திகை பார்க்கிற சத்தம்:
"அம்மா ரவுணுக்கு."
எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது இப்போது.
மறுகா மெல்லப் போகிறேன்.

"வசூல் இறங்குதே, பற்றறி பிழையோ?"
மனேஜர் நேற்றுக் கேட்டார்.
"பற்றறி நல்லம் சேர்.
ஹோர்ன்தான் கொஞ்சம் கூட இழுக்குது."