கண்ணுள்ள கரையான்

என் வேலை தரையில் துளை போடுவது.
காட்பாடிப் புது வீடுகளில் சுவரோரம்
அடிக்கு ஒன்று, அரை அங்குல டிரில்,
துளைக்கு ஒரு லிட்டர், மேலே வெள்ளை சிமெண்ட்.
நிலைக்கதவைப் பெயர்த்தால்
பொலபொலவென்று விழும் குருட்டுக் கூட்டம்.
கண் கிடையாது;
வெளிச்சம் பட்ட தோலோடு இருட்டைத் தேடும்.
பதினோரு வருஷம்
இதுதான் கரையான் என்றிருந்தேன்.

பங்குனிக் கடைசியில் சம்பங்கி போன் போட்டார்,
கணியம்பாடிக்கு அந்தப்புறம் மலையடியிலிருந்து:
"மேய்ச்சப் புல்ல எவனோ அறுத்துனு போறான்,
வந்து பாரு."

மணி ஐந்தேமுக்கால். பாறை இன்னும் சுடவில்லை.
பென்சில் நுழையும் ஓட்டைகள்,
அவற்றிலிருந்து வரிசை வரிசையாய்க்
கருந்தலைகள்.
மண்குழாய் இல்லை, மறைப்பு இல்லை,
வெட்டவெளியில்
காய்ந்த புல்லின் கணுவுக்கு மேலே
கத்தரித்து,
தன்னைப்போல் நாலு மடங்கு நீளத்தைத்
தாடையில் குறுக்காகக் கவ்வி வீடு திரும்பின.
இரண்டு பக்கமும் சிப்பாய்கள்
வெளியே முகம் வைத்து நின்றன.

குப்புறப் படுத்தேன்.
செல்போனில் பெரிதாக்கினால் தலையோரம்
ஒரு கடுகுக்கும் கடுகாய்க் கண்.
என்னைப் பார்த்ததா, தெரியாது.
என் நிழல் விழுந்ததும் நின்றது.

"புத்தாவது இருந்தா
மஞ்சா பூசிப் பால் ஊத்தலாம்," என்றார் சம்பங்கி.
"இதுங்களுக்கு ஊடு முச்சூடும் கீழயே."
கீழே தட்டுத் தட்டாய் அறைகள் இருக்கும்,
நறுக்கிய வைக்கோல் அடுக்கி.
எங்கோ ஒரு ராணி, பக்கத்தில் அவளுடைய ராஜா;
சிறகு உதிர்த்த நாளிலிருந்து
அவன் வெளியே வந்ததில்லை.

ஏழு மணி வெயிலுக்கு
உள்ளிருந்தே மண் உருட்டி ஓட்டைகளை அடைத்தன.
ஒன்று மட்டும் தாமதம்.
துரும்பைக் குறுக்கே வைத்து முட்டியது,
விலகி முட்டியது,
மறுபடி முட்டியது.
அடைப்பு அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு தாடை
துரும்பின் நுனியைப் பிடித்துத் திருப்பி
நேராக இழுத்துக்கொண்டது.
பின்னாலேயே இதுவும்.

"அடிக்கலையா?"
"லேபிள்ல தேக்கு, பலா, பிளைவுட்னு போட்டிருக்கு.
புல்லுன்னு போடல."
அவர் சிரிக்கவில்லை.
இருபத்துமூன்று ஆடு.
சித்திரை முழுக்கப் பாக்கியிருந்தது.
பெட்ரோலுக்கு நூறு ரூபாயை மட்டும்
வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை விருதம்பட்டில் ஒரு சமையலறை.
நிலையைத் தட்டிப் பார்த்தேன், பொக்கு.
டிரில்லை ஓட்டுவதற்கு முன்
எதற்கோ டார்ச்சை அணைத்துவிட்டு
ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு போட்டேன்,
அடிக்கு ஒன்று.