முதல், முதல், முதல்

வின்னிபெக். கண்ணாடிக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மருத்துவமனைப் பதிவுகளுக்கு ஸ்கீமா எழுதுகிறேன்.

'தொடர்பு' என்னும் உறுப்பு
எத்தனை தடவையும் வரலாம்:
மனைவி, மைத்துனன், மாடிவீட்டுக்காரர்.
ஆனால் 'வரிசை' என்ற பண்பில்
'முதல்' என்றிருப்பவர்
ஒரே ஒருவர்.

பழைய பதிப்புக்கு எண்ணத் தெரியும்,
முகம் பார்த்து எண்ணத் தெரியாது.
பத்துப் பேர் என்றால் பத்துத் தலை, அவ்வளவுதான்.
புதிய பதிப்பில் அதற்கென்று ஒரு வரி உண்டு.
மூன்று நாள் மல்லுக்கட்டி அதை எழுதினேன்.
முடித்த அன்று
பக்கத்து மேசைக்கும் சேர்த்துக் காப்பி வாங்கினேன்.

வியாழன் இரவு ஒரு பதிவு திரும்பி வந்தது.
கிம்லி ஊர் மீன்காரர், தோர்வால்ட்சன், வயது எழுபத்தொன்பது.
தொடர்பு மூன்று.
சிக்ரித், முதல்.
லோவிசா, முதல்.
ஆனி, முதல்.

தட்டச்சுப் பிசகு என்று
பதிவறையைக் கூப்பிட்டேன்.
"பிசகில்லை" என்றாள் மரிவிக்.
"மூணும் மகள்கள். ரெண்டாவது என்று
யாரையும் எழுத விடமாட்டேன் என்கிறார்.
பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.
விடிந்தால் அவருக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள்."

திரையில் என் வரி
சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
அதில் ஒரு தவறும் இல்லை.

'சரியாக ஒன்று' என்றிருந்ததைக்
'குறைந்தது ஒன்று' ஆக்கினேன்.
சமக்குறிக்கு முன்னால் இன்னொரு குறி.

காலையில் அழைப்பு மையம் கேட்டது:
அப்படியானால் யாரை முதலில் கூப்பிடுவது?

மூன்று பேரையும், என்றேன்.
எடுப்பவர் எடுக்கட்டும்.