ஏழாவது கிளிக்

பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது
எண்ணெய் வாசனை.
பிறகு, படிக்காமல் தொடாதே என்று
ஐந்து மொழிகளில் மிரட்டும் தாள்.
அதில் தமிழ் இல்லை.
ஆகவே தொட்டேன்.

சுடுமுனையில் ஆரஞ்சு வளையம்.
நான் பொய், நான் பொய் என்று
தூரத்திலேயே சொல்லிக்கொண்டு வருகிற
ஒரே ஆயுதம்.

செவ்வாய்க்கிழமை. கூட்டம் இல்லை.
கட்டபெட்டு வளைவுக்குக் கீழே
கவாத்து மறந்து மரமாகிவிட்ட தேயிலைக்குள்
எங்கள் களம்:
பதினாறு டயர், இரண்டு நீலப் பீப்பாய்,
கூரை பறந்துபோன ஒரு பம்ப் அறை.
சனிக்கிழமை திருப்பூரிலிருந்து
பனியன் கம்பெனிப் பையன்கள் முப்பது பேர்.
ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ள
முன்பணம் கட்டிவிட்டார்கள்.

துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டேன்.
கறுப்பாய் வந்தது.
இன்னொரு துணி. சாம்பல்.
இன்னொன்று.
காது குடைகிற பொறுமை வேண்டும் இதற்கு.
கடைசியில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய்.
இரண்டு சொட்டு விட்டால்
பந்து தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பும்.

பேட்டரி இரவெல்லாம்
அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக் கிடந்தது.
இந்தக் குளிரில்
அதற்கும் எழுந்திருக்க மனமில்லை.

வேகமானியை ஸ்டூலில் வைத்தான் பெள்ளன்.
நொடிக்கு முந்நூற்று எழுபது அடி.
"இருக்கட்டுமே எஸ்தரக்கா" என்றான் ஆசையாக.
நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.
முப்பது பேரில் ஒருவன்
கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுத்தான் நிற்பான்.
எல்லா சனிக்கிழமையும் அந்த ஒருவன் வருகிறான்,
வேறு வேறு பெயரில்.
அவன் கண்ணுக்காக
மெலிந்த சுருள்வில்லாக மாற்றினேன்.
இருநூற்றுத் தொண்ணூறு.
பெள்ளன் முகத்திலும் எண்பது குறைந்தது.

மிச்சம் இருப்பது ஒரு சிறு பல்வளையம்.
அதைத் திருகினால்
குழலின் தொடக்கத்தில், மேல்பக்கம்
உளுந்தளவு ரப்பர் முடிச்சு ஒன்று கீழே இறங்கும்.
போகிற பந்தின் உச்சந்தலையை
ஒரே ஒரு தடவை தடவி அனுப்பும்.
அந்தத் தடவலில்
பின்னோக்கிச் சுழன்றபடியே முன்னோக்கிப் போகும் பந்து.
தடவல் குறைந்தால் பாதி வழியில் விழும்.
கூடினால் தலைக்கனம் பிடித்து
சில்வர் ஓக் உச்சிக்குப் போய்விடும்.

கோயம்புத்தூர்க் கடைக்காரர்
நான்கில் வைத்துக் கொடுத்திருந்தார்.
அது அவர் ஊர் வெயிலுக்கு.
இங்கே உறைபனி விழுந்த காலையில்
ரப்பர் விறைத்திருக்கிறது,
காற்றும் கொஞ்சம் மெலிவு.

நாற்பது மீட்டரில்
மூங்கிலில் தொங்குகிறது பிஸ்கட் டின் மூடி.
ஐந்து. டயருக்கு முன்னால்.
ஆறு. டயர்மேல்.
ஏழுக்குத் திருப்பினேன்,
நகம் கடிக்கிற சத்தத்தில் ஒரு கிளிக்.

அப்போது பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறியது.
மூடி போயிற்று. பம்ப் அறை போயிற்று.
பீப்பாயின் நீலம் கொஞ்ச நேரம் அடம்பிடித்துவிட்டுப் போயிற்று.
காத்திருந்தோம்.

வெள்ளைக்குள்ளிருந்து: டங்.

நான் சுடவில்லை.
பெள்ளன் என் விரலைப் பார்த்தான்.

டங்.

மஞ்சு விலகியபோது
மூடியில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது காட்டெருமை.
ஆயிரம் கிலோ இருக்கும்.
என் குண்டு கால் கிராம்.

மேகசினைக் கழற்றினேன், சத்தமில்லாமல்.
பேட்டரி வயரை உருவினேன்.
பொய்யோடு நிற்பதைவிட
அதுவும் இல்லாமல் நிற்பது பத்திரமாகத் தோன்றியது.
இந்த ஆரஞ்சு வளையம் யாருக்காக?
மாட்டுக் கண்ணுக்கு
அந்த நிறமே தெரியாது என்கிறார்கள்.

அரைமணி நேரம் சொறிந்தது.
மூங்கில் முறிந்ததும்
கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதைப் போல
ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோலைக்குள் இறங்கியது.

புது மூங்கில் நட்டோம்.
கை நடுக்கம் நிற்க டீ குடித்தோம்.
சுட்டேன்.

நோட்டில் எழுதினேன்:
ஏழு கிளிக். கால் கிராம். நாற்பது மீட்டர்.
காற்று இல்லை.
ஐந்துக்கு நான்கு.

பெள்ளன் நோட்டை வாங்கி
அடுத்த வரியில் சேர்த்தான்:
காட்டெருமை, இரண்டுக்கு இரண்டு.