உச்சரிக்காத எழுத்து

இங்கே 'நோன்தி' என்பார்கள்
சொல்லாமல் விட்டதை.
பாதிச் சொல் மூக்கில் தங்கும்,
மீதி பல்லில் பட்டு நின்றுவிடும்.
எழுதும்போது மட்டும்
கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக வரும்.
யாரும் அதை உச்சரிப்பதில்லை.
பன்மை என்றால் இரண்டு.
அவற்றையும்தான்.

துவார்னனே துறைமுகத்துக்கு மேலே
நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள் நான்.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் சொத்தைப்
பத்தி பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று வந்தது குவெனோலா, அவள் தம்பி தாங்கி.
இறந்த அப்பா படகு எஞ்சின் மெக்கானிக்.
ஏணி இரண்டு.
ஆப்பிள் பிழியும் செக்கு ஒன்று.
திறக்காத மத்தி மீன் டப்பா நாற்பத்தியொன்று
(அதற்கு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்).
கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும்
மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று.

"யாருடையது?"
கேட்டிருக்கக் கூடாது.

தாங்கி ஜன்னலைப் பார்த்தான்.
கடல் வற்றிய நேரம்.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன.

ஊருக்கே தெரியும், எனக்கும்.
அன்றைய முறை தாங்கியுடையது.
படுத்துக் கிடந்தான்.
காய்ச்சல் என்பார்கள், குடி என்றும் சொல்வார்கள்.
இருட்டில் கைக்கு அகப்பட்ட
அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு
கடைக்குட்டி மாலோ போனான்.
மாட்டியிருப்பது மாலோவினுடையது.

குவெனோலா பேனாவை மூடினாள்.
"எங்களுக்குள் நோன்தி இல்லை."
"அப்படியே பதிவு செய்துகொள்" என்றார் முதலாளி,
தாளிலிருந்து தலை நிமிராமல்.

என் விரல் நின்றுவிட்டது.
இல்லை என்னும்போது எங்கள் மொழியில்
ஒன்றுக்கும் பலவுக்கும் ஒரே ஒலி.
இல்லாதது ஒன்றா, பலவா?
காது கண்டுகொள்ளாது.
கை முடிவு செய்தாக வேண்டும்.

ஒருமையில் அடித்தேன்.
எல்லாம் அந்தக் கோட்டு என்று ஆகிவிட்டது.
அழித்தேன்.
பன்மையில் அடித்தேன்.
இன்னும் என்னென்னவோ உண்டு என்று
நானே சொல்லிவிட்டது மாதிரி இருந்தது.
கடைசியில்
'வாரிசுகளுக்கிடையே பிணக்கு ஏதுமில்லை',
வழக்கமான வாக்கியம்,
எல்லாக் குடும்பத்துக்கும் போடுவது.

கையெழுத்துப் போட்டார்கள்.
படியிறங்கிய தாங்கி தனியாகத் திரும்பி வந்தான்.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
"அந்த மஞ்சள்..." என்றான்.
கீழே அக்கா ஹாரன் அடித்தாள்.
"மழைக்கு ஆகும்" என்று முடித்தான்.

பதினேழாம் வரிசை,
பெறுபவர் என்ற கட்டம்.
அவன் பெயரை எழுதினேன்,
அதிலும் கடைசி எழுத்து சரியா என்று
ஒருமுறைக்கு இருமுறை பார்த்து.