முப்பத்தொரு அங்குலம்

தரைக்கும் இருக்கைக்கும் முப்பத்தொரு அங்குலம்.
எனக்கு இடுப்பின் கீழே இருபத்தேழு.
மிச்சம் நாலு அங்குலத்தில்
பீட்டர்மாரிட்ஸ்பர்க் முழுவதும் தொங்குகிறது.

ஹௌவிக்கில் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் வாங்கினேன்.
எழுபத்திரண்டாம் வருட ஹோண்டா, முன்னூற்றைம்பது.
பச்சை டாங்க், வெள்ளைப் பட்டை,
ஐம்பது வருடத்தில் எட்டாயிரத்து நூற்றுப் பதினோரு மைல்.
முதலில் வைத்திருந்த ஹால்டேன் என்பவர்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டி
ஊற்றிய பெட்ரோலையெல்லாம்
பென்சிலால் நோட்டில் எழுதியிருந்தார்.
இருக்கைக்கு அடியில், மெழுகுத்தாள் பிரிக்காமல்
கம்பெனி கொடுத்த ஸ்பானர்கள்.
என் வீட்டில் ஒரு கரண்டியாவது
இப்படிக் கீறலில்லாமல் இருந்ததுண்டா?

பிரகாசன் தன் கராஜில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்,
சீர்வரிசை எண்ணுகிற சம்பந்தி போல.
"மட்கார்டைக் கழற்று, சைலன்சரைக் குறை,
ஹேண்டிலைத் தாழ்த்திக் கறுப்படி.
பார்க்கிறவனைக் கொல்லும், அக்கா."
கொல்வதில் எனக்கு ஆர்வமில்லை.
விபத்துப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறவள் நான்.

ஹில்டனிலிருந்து ஃபான் நீகெர்க் மூன்று தரம் போன் செய்தார்.
ஒரு நட்டைக்கூட மாற்றாதே,
மாற்றாதவரை அறுபத்தைந்தாயிரம் ராண்ட்.
கை படாதவரைதான் விலை.
என் தங்கை பூவதியின் கல்யாணப் பேச்சிலும்
இதே கணக்கைத்தான் கேட்டேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:
ரோபோவில் சிவப்பு விழும்போது
இரண்டு பாதமும் தார்மேல் படவேண்டும்.
அதற்கு ஒரு கத்தி, ஒரு மார்க்கர், அரைமணி நேரம்.

கத்தியை எடுத்தேன். வைத்தேன்.
தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை,
ஓரத்து வெள்ளிப்பட்டை மங்கவில்லை.
தோலில் முதல் கோடு இழுக்குமுன்
டாக்டர் ஒரு நொடி நிற்பார், பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.
எனக்கு அந்த நொடி ஏழு வாரம் நீண்டது.

ஏழாவது வாரம் பஸ் நிலையத்துச் செருப்புக்காரரிடம்
பூட்ஸுக்கு இரண்டங்குல ரப்பர் ஒட்டினேன்.
வண்டியைக் குறைக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டேன்.
"திடீரென்று வளர்ந்துவிட்டீர்களே, சிஸ்டர்!"
வார்டே சிரித்தது.

டவுன் ஹில் ஏறிய அன்று மூடுபனி.
லோட் ஷெடிங் வேறு,
ரோபோக்கள் செத்துத் தொங்கின.
டாக்ஸிகள் முறைவைத்து நகர, என் முறைக்கு நின்றேன்.
இடது ரப்பர் சரளையில் வழுக்கியது.
நூற்றறுபது கிலோவும் மெதுவாக,
மிகுந்த மரியாதையோடு
சாய்ந்தது.

ஒரு டாக்ஸியிலிருந்து இரண்டு பேர் குதித்து
"சாரி, மாமா, சாரி" என்று தூக்கி நிறுத்தினார்கள்.
ஸூலுவில் மாமா என்றால் அம்மா.
டாங்கில் விரல் நீளத்துக்கு ஒரு நெளிவு.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
பசி வந்தது.

ஃபான் நீகெர்க்குக்கு நானே போன் செய்து சொன்னேன்.
மறுமுனையில் மௌனம்.
பிறகு, ஐயோ என்பதற்கு
ஆப்பிரிகான்ஸில் என்னவோ, அது.
பிறகு, நாற்பது.

அன்று சாயங்காலம் வெட்டினேன்.
பன்னி சௌவுக்கு ரொட்டியைக் குடைகிற மாதிரி
மஞ்சள் பஞ்சு சுருண்டு சுருண்டு வந்தது.
உறையை இழுத்துத் தைத்துக் கொடுத்த பிரகாசன்
மட்கார்டைப் பற்றி மறுபடி கேட்டான். வேண்டாம் என்றேன்.
நெளிவையாவது எடுக்கட்டுமா என்றான்.
அதுவும் வேண்டாம்.
ஏன் என்றதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.

இப்போது பாதம் படுகிறது.
முழுப் பாதம் இல்லை,
குதிகால் கொஞ்சம் தூக்கலாகத்தான்.

ஹால்டேன் நோட்டின் அடுத்த வரியில், பென்சிலாலேயே,
தேதி, லிட்டர், "இருக்கை இரண்டு அங்குலம் குறைவு"
என்று எழுதிவைத்தேன்.
வெட்டிய பஞ்சை எறியவில்லை.
பிஸ்கட் டின்னில் போட்டு
அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.
எட்டாத உயரம்.
எடுக்க வேண்டுமென்றால்
நாற்காலி போட்டுத்தான் ஏறவேண்டும்.