ஒரு கிலோ எழுநூறு கிராம் ரசீது

ஊதினேயில் மழை விட்டிருந்தது.
எர்மெஸ் போர்த்தொலுட்சி கொட்டகைக் கதவைத் தூக்கியதும்
முதலில் வெளியே வந்தது வாசனை:
பெட்ரோல், பழைய தோல், எலிமருந்து.
பிறகுதான் வண்டி.
எஸ்பாடா.
வாள் என்று பெயர் வைத்துவிட்டு
உறையை இத்தனை அகலமாக யார் செய்தது?
பன்னிரண்டு சிலிண்டர், ஆறு கார்புரேட்டர்,
நான்கு பேருக்கு இடம்,
என்னைவிட மூன்று வயது இளையது.

என் கோட்டுப் பையில் ஒரு காந்தம்.
மருந்து கம்பெனிக்காரன் கொடுத்தது, சிறுநீரக வடிவம்.
நேற்றுவரை மரிபோரில்
என் ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது.
இருபத்தாறு வருடமாக மனிதர்களுக்கு மயக்கம் கொடுப்பவள் நான்.
அசையாமல் கிடக்கும் உடம்பை
அப்படியே நம்பிவிடக் கூடாது என்று தெரியும்.

கதவில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
பானெட்டில் வைத்தேன், வழுக்கி விழுந்தது.
"அலுமினியம், டாக்டர்" என்றார். சிரிப்பு.
என் காது சூடானது.
பின்சக்கரத்துக்கு மேலே மறுபடி விழுந்தது.
இந்த முறை அவர் சிரிக்கவில்லை.
பட்டி பார்த்த இடம், ஓர் உள்ளங்கை அகலம்.
அந்த உள்ளங்கைக்கு
ஆறாயிரம் யூரோ குறைந்தது.

அப்புறம் ஷூ பெட்டி நிறைய ரசீதுகள்.
விதைக்கடைக்காரர் அல்லவா,
தராசில் வைத்தே கொடுத்தார்.
ஒரு கிலோ எழுநூறு.

எண்பத்தொன்று, கிளட்ச்.
எண்பத்து மூன்று, கிளட்ச்.
எண்பத்தாறு, பின் கண்ணாடி. காரணம்: "கல்."
எண்பத்தொன்பது, இடது பின் இருக்கைக்கு பெல்ட்.
தொண்ணூறு, அதே இருக்கை, வாந்திக் கறை, புதுத் தோல்.
தொண்ணூற்று இரண்டு, அதே இருக்கை, அதே கறை.
இரண்டாயிரத்து ஐந்து, அதே இருக்கை, சிகரெட் ஓட்டை.
வலது பின் இருக்கைக்கு
ஒரு ரசீதும் இல்லை.

"பெண்ணா, பையனா?"
"பெண். பெர்த்தில் இருக்கிறாள்.
இப்போதும் விமானத்தில் பை கேட்பாளாம்."

அவர் முறை.
"தனியாகத்தானே இருக்கிறீர்கள்,
இரண்டு இருக்கை வண்டி போதாதா?"
மரிபோரில் எல்லோரும் கேட்டாகிவிட்டது.
இரண்டு இருக்கை என்றால்
யாரையோ எதிர்பார்ப்பது போல் இருக்கும்.
நான்கு என்றால் வெறும் இடம்.
இத்தாலிய மொழியில் இதைச் சொல்லத் தெரியவில்லை.
"பெட்டி வைக்க" என்றேன்.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்:
"சூட்டோடு அணைக்காதே.
அணைத்தால் அரைமணி நேரம் சும்மா இரு."
அய்தோவ்ஷ்சினா பெட்ரோல் பங்கில் அணைத்தேன்.
சும்மா இருக்கவில்லை.
பேட்டரி தீரும்வரை சாவியைத் திருகினேன்.
புர்யா காற்று
பக்கத்து லாரியின் தார்ப்பாயை அறைந்துகொண்டிருந்தது.

திராட்சைத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
ஃபாதில், ரமோ,
மூன்றாமவன் பெயரைக் காற்று எடுத்துக்கொண்டது.
கேட்காமலே கை வைத்தார்கள்.
சரிவில் தள்ள, இரண்டாவது கியரில் நான் கிளட்சை விட,
தொண்டையில் கரகரத்து, இருமி,
பன்னிரண்டும் ஒன்றாகப் பேசத் தொடங்கின.

"எத்தனை பேர் போகலாம்?" ஃபாதில் கேட்டான்.
விபாவா பஸ் நிலையம், ஆறு கிலோமீட்டர்.
ரமோ முன்னால், மடியில் ரசீதுப் பெட்டி.
மற்ற இருவரும் பின்னால், சேற்றுப் பூட்ஸோடு.
முதல் வளைவிலேயே
டர்ரென்று ஒரு சத்தம்.
மூன்றாமவன் இடுப்பிலிருந்த கத்தரி
வலது இருக்கையைக் கிழித்திருந்தது,
ஒரு சோற்றுப் பருக்கை நீளத்துக்கு.
கண்ணாடியில் பார்த்தேன், முகத்தில் ரத்தமே இல்லை அவனுக்கு.

வேலை நேரத்துக் குரல் தானாக வந்தது:
"ஒன்றும் இல்லை. மூச்சை இழுத்து விடு.
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணு."
எண்ணினான், போஸ்னிய மொழியில்.
நான்கு வந்தபோது ரமோ சிரித்துவிட்டான்.

விபாவாவில், எஞ்சினை அணைக்காமல்,
வண்டியைப் பார்த்தபடி நின்றே குடித்தோம்.
நான்கு காபி, ஐந்து யூரோ அறுபது.
அந்தச் சீட்டின் பின்புறம்
தேதி போட்டு எழுதினேன்:
வலது பின் இருக்கை. திராட்சைக் கத்தரி.
பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.
எடை எவ்வளவு கூடியதோ,
தராசு எர்மெஸிடம்.